சங்கிலி அளந்த மேற்கு

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேரூன்றியிருந்த ஐரோப்பியக் குடியேறிகள், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் பசிபிக் கடல்வரை நிலத்தைத் தம்வசமாக்கிக்கொண்டதை அமெரிக்க வரலாற்று நூல்கள் ‘மேற்கு விரிவாக்கம்’ என்று வழங்குகின்றன. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளைக் கொண்ட அந்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் இந்த வரலாற்றைக் கணக்குப் பாடத்தின் வழியாகவே நடத்துகிற ஆசிரியர்கள் உண்டு. நிலப்படத்தைக் கட்டங்களாகப் பிரிக்கச் சொல்லிப் பரப்பளவையும், மாட்டுவண்டித் தொடர் நாளொன்றுக்குக் கடந்த தூரத்தைக் கொடுத்து வேகத்தையும், நிலம் வாங்கிய தொகையை ஏக்கரால் வகுக்கச் சொல்லி விகிதத்தையும் அவர்கள் புரியவைக்கிறார்கள். கொச்சித் துறைமுகத்தின் உட்புறத்தில், வேம்பநாட்டுக் காயலுக்குள் கிடக்கும் வல்லார்பாடம் தீவில் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவிக்கு ஒகையோ ஆறும் ஒரெகன் பாதையும் எட்டாத தூரத்துப் பெயர்கள்தாம். ஆயினும் அவள் வீட்டு மனை எத்தனை ‘சென்ட்’ என்று பெரியவர்கள் பேசும்போது புழங்கும் அந்த அலகு, அமெரிக்க மேற்கைத் துண்டு போட்ட அதே சங்கிலியின் கணக்கிலிருந்து வந்தது என்பதால், அந்தப் பாடத்தில் அவளுக்கும் பங்குண்டு.

லண்டனில் வானியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் குன்டர் 1620-ஆம் ஆண்டில் நில அளவைக்கென 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலி ஒன்றை வகுத்தார். ஆங்கிலேயரின் பழைய அளவைகள் நான்கிலும் பன்னிரண்டிலும் பதினாறிலும் புரள்பவை. மனக்கணக்குக்கு எளியவையோ பத்தும் நூறும். இந்த இரண்டையும் ஒட்டவைத்ததுதான் குன்டரின் சாதுரியம். 80 சங்கிலி நீளம் ஒரு மைல்; ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் கண்ணிகளில் எண்ணிப் பெருக்கி, வரும் விடையில் வலப்பக்கத்து ஐந்து இலக்கங்களுக்கு முன் புள்ளி வைத்தால் ஏக்கர் கிடைத்துவிடும்; மூன்று இலக்கங்களுக்கு முன் வைத்தால் சென்ட் கிடைக்கும். 250 கண்ணி நீளமும் 160 கண்ணி அகலமும் உள்ள தோட்டத்தின் பரப்பு 40,000 சதுரக் கண்ணி, அதுவே 0.4 ஏக்கர், அதுவே 40 சென்ட். ஏக்கரின் நூற்றில் ஒரு பங்காகிய சென்ட் இவ்வாறு 1,000 சதுரக் கண்ணி, 435.6 சதுர அடி ஆகிறது. அந்தப் புள்ளி ஆறு ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்கும் மாணவருக்கு விடை சங்கிலியில்தான் இருக்கிறது. கிரிக்கெட் ஆடுகளத்தில் இரு முனை ஸ்டம்புகளுக்கும் இடைப்பட்ட 22 கெஜமும் இதே ஒரு சங்கிலி நீளமே என்பதால், பள்ளி மைதானத்தில் பந்து வீசுகிற பையன்கள் நாள்தோறும் குன்டரின் அளவையைக் காலால் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சங்கிலி ஓர் அரசின் முதலீடாகவே ஆயிற்று. விடுதலைப் போரின் கடனில் மூழ்கியிருந்த புதிய குடியரசு, மேற்கு நிலங்களை விற்றுப் பணம் திரட்ட முடிவு செய்து 1785 மே 20-ஆம் நாள் நில ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. அதன்படி நிலம் முதலில் ஆறு மைல் சதுரமான வட்டகைகளாகவும், ஒவ்வொரு வட்டகையும் ஒரு மைல் சதுரமான 36 பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டது. ஒரு பிரிவு 640 ஏக்கர். பிரிவுகளுக்கு வரிசை எண் இட்டு, 16-ஆம் எண்ணுள்ளதை அந்த வட்டகையின் பொதுப் பள்ளிக்கென ஒதுக்கினார்கள். கணக்கு கற்பிக்கும் பள்ளியே ஒரு கணக்கின் விடையாக நிலம் பெற்றது என்பது வகுப்பறையில் சொல்லத்தக்க செய்தி. அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் ஒகையோ ஆற்றங்கரையில் தாமஸ் ஹட்சின்ஸ் தலைமையில் சங்கிலி இழுக்கத் தொடங்கியவர்கள், காடு, மலை, ஆறு எதையும் பொருட்படுத்தாமல் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேர்க்கோடுகளை இட்டுச் சென்றார்கள். பூமி உருண்டையாதலால் வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். தாளில் வரைந்த சதுரம் தரையில் மேற்புறம் குறுகிப்போகும். அதைச் சரிக்கட்ட இடையிடையே திருத்தக் கோடுகள் இட்டு அளவையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. கட்டத்தாளுக்கும் கோளத்துக்கும் உள்ள பிணக்கை எட்டாம் வகுப்பு மாணவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1803-இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பரப்பு சுமார் 8,28,000 சதுர மைல். ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர் என்று பெருக்கி விலையை வகுத்தால் ஏக்கருக்கு மூன்று சென்ட்டுக்கும் குறைவு. இங்கே சென்ட் என்பது டாலரின் நூற்றில் ஒரு பங்கான காசு. ஒரே சொல் அங்கே பணத்துக்கும் இங்கே நிலத்துக்கும் நின்றது தற்செயல்தான் என்றாலும், ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே அந்த நூற்றாண்டின் முழுநேர வேலையாக இருந்தது. 1862-இன் குடியமர்வுச் சட்டம் ஒரு பிரிவின் கால் பங்கை, அதாவது 40 சங்கிலிக்கு 40 சங்கிலியான 160 ஏக்கரை, ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடும் குடும்பத்துக்குச் சிறு கட்டணத்தில் வழங்கியது.

பாடத்தின் கேடும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரெகன் பாதை சுமார் 2,000 மைல். வண்டித் தொடர் நாளுக்கு 15 மைல் சென்றால் எத்தனை நாளாகும் என்ற கணக்கைப் பிழையில்லாமல் போட்டுச் சுமார் 133 என்று விடை எழுதும் மாணவர், அந்தப் பாதை யாருடைய நிலத்தின் வழியே சென்றது என்று கேட்காமலே மதிப்பெண் பெற்றுவிடுவார். 1838-இல் செரோக்கி மக்கள் தம் ஊர்களிலிருந்து மேற்கே விரட்டப்பட்டபோது, நடத்திச் செல்லப்பட்ட சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள். நால்வரில் ஒருவர் என்ற அந்தப் பின்னமும் விகிதப் பாடமே. 1887-இன் டாஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொதுநிலத்தைக் குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர் என்று பங்கிட்டுவிட்டு, ‘மிச்சம்’ என்று தீர்மானித்ததை வெளியாருக்குத் திறந்துவிட்டது, அவ்வாண்டில் 13.8 கோடி ஏக்கராக இருந்த அவர்களது நிலம் 1934-இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. இழந்தது எத்தனை விழுக்காடு என்று கேட்டால் 65 என்று வரும். வண்டியின் வேகத்தை மட்டும் கேட்டு இந்தக் கழித்தலைக் கேட்காத பாடம் கணக்கைக் கற்பிக்கலாம்; வரலாற்றைக் கற்பித்ததாகக் கொள்ள இயலாது.

தமிழ் நாட்டிலும் மலையாள நாட்டிலும் பள்ளிக் கணக்கு நிலக் கணக்கிலிருந்து பிரிந்து நின்ற காலம் அண்மையில் வந்ததே. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, எண்சுவடியை மனப்பாடம் செய்யும்போதே முந்திரி, காணி, மா, வீசம், கால், அரை என்ற கீழ்வாய் இலக்கங்களை, அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்ன எண்களை, நாவில் ஏற்றிக்கொண்டுவிடும். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி என்பது 80-இல் ஒரு பங்கு, மா என்பது 20-இல் ஒரு பங்கு. இவற்றுள் காணியும் மாவும் நில அளவைகளுக்கும் பெயர் என்பதைக் கருதினால், அந்தப் பிள்ளைக்குப் பின்னமும் வயலும் இரண்டு பாடங்களாகத் தோன்றியிருக்க இடமில்லை. காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நிலம் அளப்பதையும் பொன் நிறுப்பதையும் நெல் அளப்பதையும் ஒரே நூலில் சேர்த்து வைத்தது. பலாப்பழத்தை அறுக்காமலே காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளைகளின் எண்ணிக்கையை அறியும் வழி ஒன்றும் அதில் உண்டு. அந்த விதி ஒவ்வொரு பழத்துக்கும் பொருந்துமா என்பது வேறு. கணக்கு என்பது கையில் இருக்கும் பொருளைப் பற்றியது என்ற துணிவு அதில் தெரிகிறது.

பழைய அளவைகள் ஊருக்கு ஊர் மாறியவை. தஞ்சைப் பகுதியில் 12 அடிக் கோலின் சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அந்த வேலி இன்றைய கணக்கில் 6.61 ஏக்கர். செங்கல்பட்டுப் பகுதியிலோ 24 அடிக் கோலின் சதுரமான 576 சதுர அடி ஒரு குழி. 100 குழி கொண்ட காணி 57,600 சதுர அடி. அதை 24 மனைகளாகப் பிரித்தால் ஒரு மனைக்கு 2,400 சதுர அடி வரும். சென்னையில் இன்றும் ‘ஒரு கிரவுண்டு’ என்று வீட்டுமனை விற்பவர் சொல்வது இந்த 24-இல் ஒரு பங்கைத்தான். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் நிலத்தைக் கோட்டை விதைப்பாடு என்றும், கேரளத்தில் பறை விதைப்பாடு என்றும் சொன்னார்கள். விதைப்பாடு என்பது இத்தனை நெல் விதைக்கப் போதுமான இடம் என்று பொருள்படும் அளவை. தென்னந்தோப்புக்கு அதுவும் இல்லை, காய்க்கும் மரங்களின் எண்ணிக்கையே வரிக்கு அடிப்படை. மேட்டு நிலமும் வண்டல் நிலமும் சம பரப்பாயினும் சமமல்ல என்ற உழவரின் அறிவு அந்த அளவைகளுக்குள் புதைந்திருந்தது. தொலைவிலிருக்கும் அதிகாரி ஒருவர் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு வரி விதிக்க முடியாதபடி குழப்பியதும் அதே அறிவுதான். சங்கிலி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது, அறிவையும் சேர்த்தே தீர்த்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் கைக்கு வந்த செங்கல்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவரைக் கொண்டு அளந்தார்கள். அளக்க வேண்டிய நிலம் பெருகப் பெருக, இங்கிலாந்திலிருந்து அளவையாளரை வரவழைப்பது கட்டாது என்று தெரிந்தது. 1794-இல் சென்னைக் கோட்டையைச் சார்ந்து மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியில் ஓர் அளவைப் பள்ளி எட்டு மாணவர்களோடு தொடங்கியது. கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் பிறப்பை அந்தப் பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் பதின்ம வயதுச் சிறுவர்கள். பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்து, எழும்பூரில் 1789-இல் நிறுவப்பட்ட ஆண்பிள்ளைகள் ஆதரவு இல்லத்தில் வளர்ந்தவர்கள். அந்த இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், சென்னையில் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்து 1797-இல் நூலாக வெளியிட, அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயிற்று. திண்ணை மணலில் தொடங்கிய எழுத்தும் எண்ணும் ஆதரவு இல்லத்துப் பிள்ளைகளின் வழியாக முக்கோணமும் பெருக்கலுமாகி, கம்பெனியின் நில அளவைக்குக் கருவியாயின. நடுநிலைப் பள்ளிக் கணக்கு நாட்டு விரிவாக்கத்துக்குத் துணைபோனது என்பதற்குத் தென்னிந்தியாவில் இதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை. அந்தச் சிறுவர்கள் வரலாற்றைக் கணக்கின் வழியாகப் படிக்கவில்லை; கணக்கின் வழியாக அதைச் செய்தார்கள்.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து பெரு முக்கோண அளவையைத் தொடங்கினார். திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு நாடுகளையும் வார்டு, கானர் என்ற இரு படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை அளந்து, ஊர், ஆறு, காயல், கோயில் என எல்லாவற்றையும் குறிப்பெழுதி வைத்தார்கள். ஏக்கரும் சென்ட்டும் சென்னை மாகாணத்தின் வருவாய்த் துறை வழியாகப் பதிவேடுகளில் நிலைபெற்றன. மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாகச் சென்னையின் ஆளுகையில் இருந்த பிரிட்டிஷ் கொச்சியும் அதற்கு உட்பட்டது. அதனால்தான் சென்ட் என்ற சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாக வாய்த்தது. சங்கிலியை வேறு விதமாக மடித்த பம்பாய்ப் பகுதியிலோ 33 அடிச் சதுரமான குண்டா நின்றுவிட்டது.

கொச்சியில் மேற்கு என்ற திசைக்கே தனிப் பொருள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே வாழும் தமிழருக்கு மேல் எனப்படும் உயர்ந்த பக்கம் மேற்கு, கீழ் எனப்படும் தாழ்ந்த பக்கம் கிழக்கு. மலை தாண்டிக் கடலோரம் போனவர்களுக்கு இந்தத் தரைவாட்டம் தலைகீழாயிற்று. கிழக்கு என்ற சொல்லை மலைப்பக்கத்துக்கே வைத்துக்கொண்டவர்கள், தாழ்ந்து கிடந்த மேற்கை ஞாயிறு படும் பக்கம் என்ற பொருளில் ‘படிஞ்ஞாறு’ என்றழைத்தார்கள். அவர்கள் மலைக்குக் கிழக்கிலிருந்து போனவர்கள் என்பதற்கு, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் கருத்திற்கொண்ட சான்றுகளுள் இதுவும் ஒன்று. அந்த மேற்கில் கடல்தான் இருக்கிறது. எனவே கொச்சியின் மேற்கு விரிவாக்கம் பிறர் நிலத்துக்குள் வண்டி கட்டிப் போனதன்று, தண்ணீர் நிலமானது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்தைத் திறந்தது என்பதும், வைப்பின் தீவு அந்த மணலிலும் வண்டலிலும் உருவானது என்பதும் வழிவழி வந்த செய்தி. அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்றொரு ஆண்டுக்கணக்கே வழங்கியது. வங்கியில் போடும் பணத்துக்கும் ஆறு போடும் மண்ணுக்கும் தமிழில் வைப்பு என்ற ஒரே சொல் பொருந்துவதால், இந்தப் பெயரைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கொடுப்பதும் எடுப்பதும் அதே நீர்தான். வல்லார்பாடத்தில் போர்த்துகீசியர் காலத்தில் 1524-இல் எழுந்த மாதா கோயில் வெள்ளத்தில் அழிந்து 1676-இல் மறுபடி கட்டப்பட்டது. நீரில் மிதந்த மாதா படத்தை எடுத்துத் தந்தவராகக் கொச்சி நாட்டு அமைச்சர் பாலியத்து அச்சனைச் சொல்லும் மரபும், கோயிலில் அவர் ஏற்றிய அணையா விளக்கும் இன்றுவரை நிற்கின்றன.

1920 ஏப்ரலில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் சென்னை அரசின் ஏற்பாட்டில் கொச்சிக்கு வந்தபோது, முகத்துவாரத்துக்கு வெளியே கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதைக் குடைந்து வழி வெட்டவும், குடைந்தெடுத்த மண்ணைக் காயலில் கொட்டித் தீவாக்கவும் அவர் திட்டமிட்டார். ‘லார்டு வில்லிங்டன்’ என்ற தூர்வாரும் கப்பலே இந்த வேலையின் முதுகெலும்பு. 1928 மே 26-இல் ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. இயற்கையான வெண்டுருத்தித் தீவோடு ஒட்டி எழுந்த வில்லிங்டன் தீவின் புதுநிலம் ஏறத்தாழ 3.2 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 79,000 சென்ட். கன அளவைப் பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. சராசரியாக 3 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 96 லட்சம் கன மீட்டர் வரும். 8 கன மீட்டர் கொள்ளும் லாரியில் ஏற்றினால் 12 லட்சம் நடை. லாரி ஒன்றுகூட ஓடாமல், கடலடி மண்ணைக் குழாய் வழியே நீரோடு தள்ளியே அந்தத் தீவு எழுந்தது என்று பிறகு சொல்ல வேண்டும், மாணவர்கள் பொறியியலை அப்போதுதான் மதிப்பார்கள். துறைமுகத்தின் சுங்க வருமானத்தை இந்திய அரசும் கொச்சியும் திருவிதாங்கூரும் மூன்றில் ஒரு பங்கு வீதம் பிரித்துக்கொள்ள உடன்பட்டன. மூன்றில் ஒன்று என்ற எளிய பின்னத்துக்குள் மூன்று ஆட்சிகளின் நெடுநாள் இழுபறி அடங்கியிருக்கிறது.

சென்ட் என்ற சொல் கேரளத்தில் குடியானவரின் சொல்லானது நிலச் சீர்திருத்தத்தின்போதுதான். பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த நிலமற்ற தொழிலாளரைக் ‘குடிகிடப்புக்காரர்’ என்பர். 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அவர்கள் குடிசை நின்ற இடத்தை ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரில் 3 சென்ட் என்ற அளவில் விலைக்குப் பெறும் உரிமையைத் தந்தது. 3 சென்ட் என்பது சுமார் 1,307 சதுர அடி. பரப்பைப் பார்த்து ஏளனம் செய்வது எளிது. வெளியேற்றப்படும் அச்சமில்லாமல் படுத்துறங்கிய முதல் தலைமுறைக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். 10 சென்ட்டை அமெரிக்கக் குடியமர்வுச் சட்டத்தின் 160 ஏக்கரோடு வைத்துப் பார்த்தால் 1,600-இல் ஒரு பங்கு. எனினும் கேரளத்துச் சட்டம், ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவருக்கே அந்த இடத்தை உரிமையாக்கியது. அமெரிக்கச் சட்டமோ, வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்திய நிலத்தைப் புதிதாக வந்தவர்களுக்கு அளந்து கொடுத்தது. பதிவேடுகள் மெட்ரிக் முறைக்கு மாறி, பத்திரங்களில் ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று எழுதத் தொடங்கிப் பல்லாண்டு ஆயிற்று. ஒரு ஆர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். பேச்சில் ஆர் ஏறவே இல்லை. தமிழ்நாட்டுப் பட்டாவில் ‘ஹெக்டேர்–ஏர்ஸ்’ என்று அச்சிட்டிருந்தாலும் வாங்குபவர் கேட்பது சென்ட்டைத்தான்.

வல்லார்பாடத்தின் அண்மை வரலாறு பாலங்களால் ஆனது. எறணாகுளத்தையும் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் தீவுகளையும் இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் 2004 ஜூன் 5-இல் திறக்கப்படும்வரை, வைப்பின்கரைக்காரர் நகரத்துக்கு வரப் படகுத்துறையில் காத்துக்கிடந்தார்கள். பாலம் கட்டப் பணம் வந்த வழி கொச்சிக்கே உரியது: நகரத்தை ஒட்டிய காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து, அந்த நிலத்தை விற்றுக் கிடைத்த தொகை. காயலை நிலமாக்கி, நிலத்தைப் பணமாக்கி, பணத்தைப் பாலமாக்கி, எஞ்சிய காயலைக் கடந்தார்கள். 1785-இன் அமெரிக்கக் கருவூலத்துக்கு இந்த யுக்தி உடனே விளங்கியிருக்கும்.

2005 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டிய பன்னாட்டுச் சரக்குப்பெட்டக மாற்று முனையம் 2011 பிப்ரவரி 11-இல் வல்லார்பாடத்தில் தொடங்கியது. சரக்குப்பெட்டகங்களைக் கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் இந்த முனையத்துக்காக இடைப்பள்ளியிலிருந்து 8.86 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. அதில் பாதிக்கும் மேலான 4.62 கிலோமீட்டர், காயலின் மேல் செல்லும் வேம்பநாட்டுப் பாலம். 2018-இல் பிரம்மபுத்திராவின் மேல் போகிபீல் பாலம் திறக்கும்வரை இந்தியாவின் மிக நீண்ட ரயில் பாலம் இதுவே. அதன் கண்கள், அதாவது தூணுக்குத் தூண் இடைவெளிகள், மொத்தம் 132. சில 20 மீட்டர், மற்றவை 40 மீட்டர். எது எத்தனை என்று இயற்கணிதம் தெரியாத மாணவரும் கண்டுபிடிக்கலாம். எல்லாமே 40 மீட்டர் என்று கொண்டால் நீளம் 5,280 மீட்டர்; உண்மையான நீளம் 4,620; மிகுதி 660. ஒரு கண்ணை 20 மீட்டராகக் குறைத்தால் 20 மீட்டர் குறையும். 660-ஐ 20-ஆல் வகுத்தால் 33. ஆகவே குறுங்கண் 33, நெடுங்கண் 99. விடையைக் கரையில் நின்று எண்ணிச் சரிபார்க்கும் வாய்ப்பு வல்லார்பாடத்து மாணவிக்கு உண்டு. பாடப்புத்தகத்துக் கணக்குகளில் இது அரிது.

அந்தப் பாடவேளை பாலத்தோடு முடிந்துவிடக் கூடாது. முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் இடம் வேண்டி 2008 பிப்ரவரியில் அருகிலுள்ள மூலம்பிள்ளியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகள் இடிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் 316. எதிர்ப்பு வலுத்தபின் அரசு மார்ச் மாதத்தில் மறுவாழ்வுத் திட்டத்தை அறிவித்தது. குடும்பத்துக்கு 6 சென்ட்டைத் தாண்டாத மனை ஒதுக்கப்பட்டது. பல மனைகள் சதுப்பை நிரப்பிய இடத்தில் அமைந்தன. பத்தாண்டு கழிந்த பின்னும் பெரும்பாலோர் அங்கே வீடு கட்டிக் குடியேறியிருக்கவில்லை. காயலில் 79,000 சென்ட் நிலத்தை உண்டாக்கிய துறைமுகத்துக்கு அருகில்தான் இது நடந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழுமையாக 6 சென்ட் என்றே வைத்துப் பெருக்கினாலும் 316 குடும்பங்களுக்கும் சேர்த்து 1,896 சென்ட், 19 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1862-இல் அமெரிக்கச் சங்கிலி ஒரே ஒரு குடும்பத்துக்கு அளந்து விட்ட நிலத்துக்குள் அது எட்டு முறை அடங்கும், கொஞ்சம் மீதியும் இருக்கும்.